கொலுவுக்கு வந்தவர்கள்

உ

மெட்டுகுடா
18-8-2024

சிரஞ்சீவி கௌஷிக்குக்கு உன் ஆயா லலிதாம்பாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. என் முட்டி ஒன்றைத் தவிர நான் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, பகல் ஷிஃப்ட் போட்டார்களா, ராத்திரியா, அந்த ரூமில் சோறு யார் பொங்குகிறார்கள், எல்லாம் விவரமாக எழுது.

உன் அப்பன் ஜகதீசன், இந்த வீட்டிலிருந்து யாரும் உனக்கு போன் பண்ணக் கூடாது என்று கத்திவிட்டு டூட்டிக்குப் போனான். நான் பெற்றவன்தான், ஆனாலும் குடும்பத்தைத் தாங்குகிறவன் சொன்ன சொல். மீறவில்லை. கடுதாசி போடக் கூடாது என்று அவன் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. அரக்கோணத்தில் அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள் என்றாலும் இந்தத் தெருவில் இன்னும் தமிழில் கடுதாசி எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

என்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் நீ விட்டது எனக்கும் வருத்தம்தான். ஆனால் பேசாமல் உட்கார்ந்து உலகத்து விஷயமெல்லாம் தமிழில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளையை, "சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு இன்வெர்ட்டர் வேற ஓட்டணுமா?" என்று அவன் கேட்டது தப்பு. நீயும் கம்ப்யூட்டரைக்கூட எடுக்காமல் ஒரு பையோடு பட்டான்செரு மருந்து கம்பெனிக்குப் பெட்டி கட்டப் போனது அதைவிடத் தப்பு.

இப்போது எழுதுவது வேறு காரியமாக. நீ கம்ப்யூட்டரில் எழுதுகிற கலைக்களஞ்சியத்தில் நம் மெட்டுகுடா பஜனைக் கூடத்துக்கு ஒரு பக்கம் உண்டல்லவா, மீசை முளைக்கும் வயதில் என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாயே, அதை நேற்று உன் தங்கை ஸ்ரேயாவைத் திறந்து காட்டச் சொன்னேன். கூடத்தை ஆரம்பித்தவர் என்ற இடத்தில் என் மாமனார் ரயில்வே கார்டு பக்தவத்சலம் பெயரைக் காணோம். யாரோ கல்தூண் என்கிறவன் அழித்திருக்கிறானாம். யார் அந்தக் கட்டையில் போகிறவன்? முகம் காட்ட மாட்டானா? உடனே பதில் போடு.

வேளைக்குச் சாப்பிடு. எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் ஆயா
லலிதாம்பாள்

*

பட்டான்செரு
27-8-2024

அன்புள்ள ஆயாவுக்கு, கௌஷிக் வணக்கம்.

உடல்நலம்: நன்று. உறக்கம்: நன்று. உணவு: மிக நன்று (சான்று தேவை).

சிரிக்கிறீர்களா? எங்கள் கலைக்களஞ்சியத்தில் யாராவது ஆதாரம் காட்டாமல் ஒன்றை எழுதிவிட்டால் பக்கத்தில் இப்படித்தான் "சான்று தேவை" என்று போடுவோம். அறையில் ஆறு பேர் இருக்கிறோம். அச்யுத் என்ற வரங்கல் பையன் சமைக்கிறான். அவனுடைய சாம்பாரைப் பற்றி யார் என்ன நல்லது எழுதினாலும் சான்று தேவைதான்.

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தெலுங்கும் இந்தியும்தான் எழுதினேன். தமிழ் எனக்கு விசைப்பலகையில் வந்தது. "ழ" எங்கே முடிகிறது என்று பேனாவுக்குத் தெரியவில்லை.

கல்தூண் என்பது ஒருவர் வைத்துக்கொண்ட பெயர். யார், எந்த ஊர் என்று எனக்கும் தெரியாது. கொள்ளுத்தாத்தாதான் நிறுவினார் என்பதற்கு அச்சில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் சொன்னார்கள் என்பது அங்கே செல்லாது. நான் போனிலிருந்தே ஒருமுறை பெயரைத் திருப்பி வைத்தேன். அவர் மறுபடி எடுத்தார். அதற்கு மேல் மாறி மாறி அழித்தால் இரண்டு பேரையும் நிறுத்திவைப்பார்கள். அதனால் பேச்சுப் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. கட்டுரையைப் பற்றிய சண்டையெல்லாம் அங்கேதான். சட்டையைப் பிடிக்காமல் போடும் சண்டை.

உங்களுக்கு மட்டும் ஒரு செய்தி. தீபாவளிக்குப் பிறகு என்னை நிர்வாகியாக்க, அதாவது அங்கே விதிகளைக் காக்கும் பொறுப்பில் வைக்க, முன்மொழியப் போகிறார்கள். இத்தனை வருடத்தில் நான் எழுதியதை எல்லாம் பார்த்து அவர்களாகவே கேட்டார்கள். இதற்கும் சம்பளம் இல்லை. ஆனால் கேட்டார்கள், ஆயா. அப்பாவிடம் சொல்லாதீர்கள். ஆன பிறகு நானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.

முட்டிக்குத் தைலம் தேய்க்க ஸ்ரேயாவை விடாதீர்கள். அவள் போனைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பாள்.

அன்புடன்
கௌஷிக்

*

உ

மெட்டுகுடா
6-9-2024

சிரஞ்சீவி கௌஷிக்குக்கு ஆயாவின் அநேக ஆசீர்வாதம். உன் கடுதாசி வந்த அன்று நான் இரண்டு தரம் காபி குடித்தேன். முட்டி வலியே தெரியவில்லை.

நிர்வாகி! அப்பனிடம் சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டுக் கல்பகத்திடம் சொல்லாமல் எப்படி இருப்பது? அவள் பேரன் அமெரிக்கா போனதைப் போன வருஷம் முழுக்கக் கேட்டவள் நான். "நிர்வாகின்னா என்னக்கா, மேனேஜரா?" என்றாள். "மேனேஜருக்கும் மேலே. உலகத்துல எவன் என்ன எழுதினாலும் இவன் சரின்னாதான் நிக்கும்" என்றேன்.

நீ நிர்வாகி ஆகி இந்த வாசற்படி ஏறுகிற அன்று ஜகதீசன் எழுந்து நிற்பான். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அந்தக் கல்தூண் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. சான்று கேட்கிறானே, நம் கூடத்தில் தகராறு வந்தால் என்ன செய்வோம், உனக்கே தெரியும். வீட்டுக்கு ஒருத்தர் வந்து பாயில் உட்காருவோம். யார் பக்கம் ஜனம் அதிகமோ அவர் சொன்னது நிற்கும். ஆள் கூட்டிக்கொண்டு வராதவன் வழக்கு தோற்கும். நீ அந்தப் பேச்சுப் பக்கத்தில் தனியாகவா நிற்கிறாய்? உனக்குப் பேச ஒரு நாதி இல்லையா? அனாதைப் பிள்ளை மாதிரி நிற்காதே. நாம் இந்த ஊரில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற குடும்பம்.

கெமிக்கல் நெடியில் மூக்கை மூடிக்கொண்டு வேலை செய். பதில் எழுது.

ஆயா
லலிதாம்பாள்

*

பட்டான்செரு
25-9-2024

அன்புள்ள ஆயாவுக்கு, கௌஷிக் வணக்கம்.

நலமாக இருக்கிறேன். லேசாக இருமல் இருக்கிறது, அதற்கு மட்டும் சான்று இருக்கிறது.

ஷிஃப்ட் மாறியதால் பதில் தாமதம். கல்பகம் பாட்டியிடம் சொன்னதற்குக் கோபமில்லை. உலகத்தில் எவன் எழுதினாலும் நான் சரி என்றால்தான் நிற்கும் என்பதை மட்டும் அவரிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

நான் அனாதையாக நிற்கவில்லை, ஆயா. அங்கே தலை எண்ணுவதில்லை. பத்துப் பேர் வந்து கத்தினாலும் ஒருவர் காட்டும் ஒரு சான்றுதான் பெரிது. எனக்கு அந்த இடம் பிடித்துப் போனதே அதனால்தான். வீட்டில், கல்லூரியில், இங்கே கம்பெனியில், எங்கேயும் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் நடக்கிறது. அங்கே அப்படி இல்லை.

கல்தூண் நல்லவர்தான். லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த துரைராஜ்தான் கூடத்தைத் தொடங்கினார் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறாராம். ஒரு பழைய ஆண்டு மலரைத் தேடிப் பிடித்தோம். அதில் இரண்டு பெயரும் இருக்கின்றன. ஆகவே, "இக்கூடத்தை நிறுவியவர் பக்தவத்சலம் என்றும் துரைராஜ் என்றும் இருவேறு கூற்றுகள் உள்ளன" என்று எழுதலாமா என்று கேட்டேன். நல்ல வாக்கியம், சற்று யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். அநேகமாக முடிந்துவிட்டது. பக்தவத்சலம் எங்கள் குடும்பம் என்பதையும் அங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன்.

எனக்கு முன் நிர்வாகியாக வர இருந்த ஒருவர் இப்படியொரு சச்சரவில் கெட்டுப் போனார். ஒரே ஆள் பல பெயர்களில் வந்து தனக்குத் தானே ஆதரவு எழுதிக்கொண்டார். கண்டுபிடித்து ஒரேயடியாக வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கே அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

கொலுவுக்கு வர முடியாது. இரவு ஷிஃப்ட். எனக்காக ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடுங்கள்.

அன்புடன்
கௌஷிக்

*

உ

மெட்டுகுடா
13-10-2024

சிரஞ்சீவி கௌஷிக்குக்கு ஆயா ஆசீர்வாதம். இருமல் நின்றதா? மிளகும் பனங்கற்கண்டும் இதோடு கட்டி அனுப்பியிருக்கிறேன். அச்யுத்திடம் கொடுத்துக் கஷாயம் வைக்கச் சொல். நான் இன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று இந்தக் காகிதத்துக்குச் சொல்லத் தெரியாது.

துரைராஜை நான் அறிவேன். கூடத்தில் மிருதங்கம் வாசித்தவர். தங்கமானவர்தான். ஆனால் ஆரம்பித்தவர் என் மாமனார். நீ பாதிப் பாதி என்று விட்டுக்கொடுத்தது உன் நல்ல குணம். கேட்க ஆள் இல்லாததால் விட்டுக்கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. வீடு நிறைய ஜனம். போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து மூட்டையாகக் கடலை வாங்கி அவித்திருந்தேன். உன் கம்ப்யூட்டரைத்தான் பூஜையில் புத்தகத்தோடு வைத்திருந்தோமே, அதை எடுத்துக் கொலுப்படிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். ஸ்ரேயாவை முன்னால் உட்கார வைத்தேன். "நக்கோ ஆயா, வேண்டாம், அண்ணாவைக் கேட்டுட்டு செய்யலாம்" என்று முனகினாள். "உங்க அப்பன் போன் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கான், எப்படிக் கேப்பே? டைப் அடி" என்றேன்.

ஒருவர் பல பெயரில் வரக் கூடாது என்று நீ எழுதியிருந்தாயே, அதை ஸ்ரேயாவுக்குப் படித்துக் காட்டி உஷார்படுத்தினேன். ஒவ்வொருத்தரும் அவரவர் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். குங்குமம் வாங்க வந்தவள் ஒருத்தியையும் விடவில்லை. பெயரைப் பதிந்து, ஒரு வரி எழுதி, அதற்கப்புறம்தான் தாம்பூலம். கூடத்துச் செயலாளர் ரகுநாதன் சம்சாரம், "சுண்டலுக்கு வந்தா கையெழுத்து கேக்கிறியே லலிதா, ரேஷன் கடையா இது?" என்றாள். "உன் புருஷன் செகரெட்டரியா உக்காந்திருக்கிற நாற்காலி எங்க மாமனார் போட்டது, எழுதுடி" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினாள். பக்கத்து வீட்டு ஹர்ஷிதாவின் அம்மா, "நாகு தமிழ் ராது பின்னி" என்றாள், தமிழ் வராதாம். பரவாயில்லை, பெயரைச் சொல்லு, பிள்ளை எழுதிக்கொள்வாள் என்றேன். கல்பகம் தன் பெயரை இங்கிலீஷில் அடித்துக் காட்டினாள், அவளுக்கு அந்தப் பெருமை.

என்ன எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. "கௌஷிக் சொல்வதே சரி, பக்தவத்சலம்தான் நிறுவியவர்" என்று நானே வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். எல்லோருக்கும் அதையே ஸ்ரேயா அடித்தாள். கடைசியில் நானும் என் பெயரைப் பதிந்து, ஒரே விரலால் நானே அடித்தேன். லலிதாம்பாள் என்று அதில் வந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி அந்தக் கல்தூண் எத்தனை பேருக்குப் பதில் சொல்வான்? என் பேரனுக்குப் பின்னால் ஒரு தெருவே நிற்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். நிர்வாகி தேர்தலுக்கும் சொல்லு, இதே ஜனத்தைத் திரட்டுகிறேன்.

உடனே பதில் எழுது. உன் சந்தோஷத்தை நான் படிக்க வேண்டும்.

உன் ஆயா
லலிதாம்பாள்

*

உ

மெட்டுகுடா
9-11-2024

சிரஞ்சீவி கௌஷிக்குக்கு ஆயா ஆசீர்வாதம். இங்கே யாவரும் க்ஷேமம். உன் க்ஷேமம்தான் தெரியவில்லை.

கொலுக் கடுதாசிக்குப் பதில் இல்லை. தபாலில் தவறிவிட்டதா? தீபாவளிக்கு நீ வருவாய் என்று புதுச் சட்டை எடுத்து மஞ்சள் தடவி வைத்திருந்தேன். உன் அப்பன் அதை ஒருதரம் பார்த்தான். "யாருக்கு இது?" என்று கேட்கவில்லை. அன்றைக்குப் பலகாரமும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவனை எனக்குத் தெரியும், உள்ளே கரைகிறான். நீ நிர்வாகி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், அவனே வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.

தேர்தல் நடந்ததா? ஆட்கள் வேண்டுமா? ஸ்ரேயாவைக் கேட்டால் காலேஜ் பரீட்சை என்று அறைக்குள் போய்விடுகிறாள்.

கையில் காயம் ஏதும் பட்டு எழுத முடியாமல் இருக்கிறாயோ என்று மனசு என்னென்னவோ நினைக்கிறது. இரண்டு வரியாவது எழுது.

ஆயா

*

பட்டான்செரு
2-12-2024

அன்புள்ள ஆயாவுக்கு வணக்கம்.

நலம். கையில் காயம் இல்லை. கஷாயம் குடித்தேன், இருமல் குறைந்தது.

உங்கள் கடிதம் கிடைத்தது. பேச்சுப் பக்கத்தில் எல்லோரும் எழுதியதைப் பார்த்தேன். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்த விவாதம் முடிந்துவிட்டது. இனி யாரும் எழுத வேண்டாம், அவர்களுக்கு ஏன் சிரமம்.

நிர்வாகித் தேர்வு தள்ளிப் போயிருக்கிறது. எப்போது என்று தெரியவில்லை.

ஸ்ரேயாவைத் திட்டாதீர்கள். அவள் நன்றாகப் படிக்கட்டும்.

இங்கே குளிர் அதிகம். நீங்கள் காலையில் வாசல் தெளிக்க இறங்காதீர்கள்.

கௌஷிக்

*

உ

மெட்டுகுடா
16-1-2025

சிரஞ்சீவி கௌஷிக்குக்கு ஆயாவின் பொங்கல் ஆசீர்வாதம். நானும் வீட்டாரும் சுகம். ஒரு வாரமாக முட்டியும் என் பேச்சைக் கேட்கிறது.

போன கடுதாசியில் சான்று தேவை என்று ஒரு இடத்திலும் போடவில்லையே? நான் அதைத்தான் முதலில் தேடினேன்.

விவாதம் முடிந்தது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும், அத்தனை பேரைப் பார்த்ததும் முடியாமல் என்ன செய்யும்? தேர்தல் தள்ளிப் போனால் என்ன, தள்ளிப் போனது நடக்காமலா போகும்? நான் ரகுநாதனிடம் பேசிவிட்டேன். கூடத்தில் சிவராத்திரி பஜனை அன்று உனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஒன்று இதில் மடித்து வைத்திருக்கிறேன். "இணையக் கலைக்களஞ்சிய நிர்வாகி திரு. ஜ. கௌஷிக்" என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது பார். அதற்கு நேர் மேலே உன் கொள்ளுத்தாத்தா படம்.

ஒன்றை உன் அப்பன் மேஜையில் வைத்தேன். படித்தான். "இது எப்போ ஆச்சு?" என்றான். "அவன் வந்து சொல்லுவான்" என்றேன். அவன் சிவராத்திரி அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான், கௌஷிக். என்னிடம் சொல்லவில்லை. ஸ்ரேயாவிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த ஒரு நாளுக்கு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிடு. சட்டை அப்படியே இருக்கிறது.

ஆயா
லலிதாம்பாள்

*

உ

மெட்டுகுடா
28-2-2025

சிரஞ்சீவி கௌஷிக்குக்கு ஆயா ஆசீர்வாதம். சௌக்கியமா என்று உன்னைக் கேட்க இன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

சிவராத்திரி அன்று நீ வரவில்லை. உன் அப்பன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். ரகுநாதன் உன் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டான். அப்புறம் பொன்னாடையை என்னிடம் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, "பிள்ளைக்கு லீவு கிடைக்கலை போலிருக்கு" என்று நான் சொன்னபோது ஸ்ரேயா ஓவென்று அழுதாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கொலு முடிந்த வாரமே உன்னை நிரந்தரமாக வெளியேற்றிவிட்டார்களாம். அத்தனை பெயரும் ஒரே நாளில், ஒரே வீட்டில், உன்னுடைய கம்ப்யூட்டரிலிருந்து, ஒரே வாக்கியத்தோடு வந்ததால், அத்தனையும் நீயே போட்டுக்கொண்ட பொய்ப் பெயர்கள் என்று தீர்த்துவிட்டார்களாம். நீயே ஸ்ரேயாவுக்குப் போன் பண்ணி, ஆயாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கினாயாம்.

திறந்து காட்டு என்றேன். காட்டினாள். உன் பெயருக்குக் கீழே வரிசையாக இருக்கிறது. கல்பகம், கௌஷிக்கின் கைப்பாவை. ரகுநாதன் சம்சாரம், கைப்பாவை. ஹர்ஷிதாவின் அம்மா, கைப்பாவை. கடைசியில் லலிதாம்பாள், கௌஷிக்கின் கைப்பாவை, நிரந்தரத் தடை. அப்படி ஒரு ஆள் இல்லை என்கிறார்கள். எழுபது வயது தாண்டி, இந்தக் கையால் உன்னைக் குளிப்பாட்டி, கொலுப்படிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்த நான் இல்லையாம்.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவர்களுக்கு நான் எழுதியது. அன்று வந்தவர்கள் எல்லோரும் தனித்தனி ஆட்கள், எல்லோரையும் உட்கார வைத்தது நான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தண்டனை கொடுப்பதானால் எனக்குக் கொடுங்கள் என்று எழுதி, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஹர்ஷிதாவின் அம்மா தெலுங்கில் போட்டிருக்கிறாள். இதைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பு. ஆதார் நகலும் வேண்டுமானால் தருகிறோம்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஆயா

*

பட்டான்செரு
15-3-2025

அன்புள்ள ஆயாவுக்கு, கௌஷிக் வணக்கம்.

உங்கள் முட்டியோடு எத்தனை படி ஏறினீர்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். தயவுசெய்து இனி ஏறாதீர்கள்.

காகிதத்தை அனுப்ப முடியாது. தடை போட்ட மறுநாளே நான் எழுதிக் கேட்டேன். அவர்கள் என் வீட்டார், பூஜைக்கு வந்தவர்கள் என்று சொன்னேன். பிடிபட்ட எல்லோரும் வீட்டார் என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே இருந்தாலும் ஆள் திரட்டுவதும் குற்றம்தான் என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை, ஆயா. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன். எனக்கு முன்னால் கெட்டுப் போனார் என்று ஒருவரைப் பற்றி எழுதினேனே, அவரைக் கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். அவரும், எழுதியது தன் அண்ணன்கள் என்றார். நான் சிரித்தேன். அவருக்கு உண்மையிலேயே அண்ணன்கள் இருந்திருப்பார்களோ என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்தூண் மட்டும் எனக்காக ஒரு வரி எழுதினார். இவர் அப்படிச் செய்பவர் இல்லை என்று. அதற்குச் சான்று கேட்டார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்காக ஒரு தெருவே வந்து நின்றது. வேறு யாருக்கு அப்படி வந்திருக்கிறது? ஆனால் எனக்குத் தமிழில் எழுத அந்த ஒரு இடம்தான் இருந்தது. இங்கே தெலுங்கு பேசுகிறேன், கண்காணிப்பாளரிடம் இந்தி பேசுகிறேன். இந்தக் கடிதத்தில் நாலைந்து சொல் எழுத வராமல் அடித்திருக்கிறேன், பாருங்கள்.

கான்ட்ராக்டர் வடக்கே ஒரு புதுத் தொழிற்சாலைக்கு ஆட்களை அனுப்புகிறார். நான் பெயர் கொடுத்துவிட்டேன். போய்ச் சேர்ந்து விலாசம் எழுதுகிறேன். அப்பாவிடம் நிர்வாகி இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கௌஷிக்

*

உ

மெட்டுகுடா
20-4-2025

சிரஞ்சீவி கௌஷிக்குக்கு ஆயா ஆசீர்வாதம். இது எங்கே உன்னைப் பிடிக்கும் என்று தெரியாமலே எழுதுகிறேன். நான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன்னிடமிருந்து விலாசம் வரும் வரும் என்று பார்த்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரேயாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டான்செரு வந்தேன். ஷேர் ஆட்டோவில் ஏற நாலு பேர் தூக்கிவிட்டார்கள். உன் ரூமைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த பையன், "கௌஷிக்கா? வெள்ளிபோயாடு அம்மா" என்றான். போய்விட்டானாம். அவன்தான் அச்யுத். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை. பழைய நம்பரும் அணைந்து கிடக்கிறது என்றான். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தான். "ஆயா ஆயா அனி எப்புடூ செப்தாடு" என்றான், எப்போதும் என்னைப் பற்றியே சொல்வாயாம். நீ படுத்திருந்த இடத்தில் வேறு ஒரு பிள்ளை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

உன் அப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. மறுநாள் மத்தியானம் ஸ்ரேயாவைக் கூப்பிட்டு, நீ எழுதியதையெல்லாம் காட்டச் சொன்னான். ஏரிகள், ரயில் பாதைகள், பறவைகள், சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் படித்தான். "இது எல்லாமே அவன் எழுதினதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இப்போது ஊர் ஊராக மருந்து கம்பெனிகளுக்குப் போன் போட்டு உன் பெயரைச் சொல்லி விசாரிக்கிறான். அப்படி ஒருவர் இல்லை என்கிறார்களாம்.

பஜனைக் கூடம் பக்கத்தையும் பார்த்தோம். "பக்தவத்சலம் என்றும் துரைராஜ் என்றும் இருவேறு கூற்றுகள் உள்ளன" என்று இருக்கிறது. கல்தூண் வைத்தாராம். நீ எனக்கு எழுதிய அதே வாக்கியம். நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அதை நீயே வைத்திருப்பாய்.

இந்த வருஷம் கொலு வைக்க மாட்டேன். கல்பகம் காரணம் கேட்டாள். முட்டி என்றேன்.

இதை அச்யுத் விலாசத்துக்கே போடுகிறேன். யாராவது வடக்கே போனால் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். சேர்ந்தால் எனக்கு ஒரே ஒரு வரி போடு. நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன் என்று எழுதினால் போதும். சான்று கேட்க மாட்டேன்.

உன் ஆயா
லலிதாம்பாள்